கிட்டாரைக் கீழே வைத்தவர்

விடிவதற்கு முன்பே ராசிங்காபுரம் எழுந்துவிடும். முக்கில் ஜீப் வந்து நிற்கும். தலைத்துண்டு, தூக்குவாளியில் மத்தியானச் சோறு, கொங்காணி போட ஒரு பிளாஸ்டிக் சாக்கு என்று பெண்கள் வந்து ஏறுவார்கள். மலைக்குப் போகிறார்கள். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. போடி போய், முந்தலில் மலையேறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, போடிமெட்டில் மாநில எல்லையைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்தில் இறங்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் அதே வளைவுகளில் திரும்பி வர வேண்டும். ஆளுக்கே இடம் போதாத அந்த ஜீப்பில், ஸ்பீக்கருக்கு மட்டும் எப்போதும் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

அதில் என்ன ஓடும் என்று சொல்லவே வேண்டியதில்லை. 'இளைய நிலா' வந்தால் பேச்சுச் சத்தம் கொஞ்சம் அடங்கும். எஸ்.பி.பி. பாட வருவதற்கு முன்பே ஒரு கிட்டார் வருமே, அதற்காகத்தான். ஆனால் அதை கிட்டார் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. 'ஆரம்ப மியூசிக்' என்பார்கள்.

ராசிங்காபுரத்திலிருந்து மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே போனால் தேவாரம். அதையும் தாண்டினால் பண்ணைப்புரம். பெரிய தூரமில்லை. அந்த ஆரம்ப மியூசிக்கை யோசித்த மனிதர் அந்த ஊர்க்காரர். இசையமைப்பாளர் இளையராஜாவைப் பற்றி எழுதிக் குவித்தாகிவிட்டது. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது இல்லை. அவருக்கு முன்பு இருந்த ஆளைப் பற்றியது. சென்னை ஸ்டுடியோக்களில் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருந்த தாளைப் பார்த்து வாசித்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போன ஒரு கிட்டார்காரர் பற்றியது.

1943-ல் பிறந்த மூன்று பேரை வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம். பிப்ரவரி 25-ல் லிவர்பூலில் ஜார்ஜ் ஹாரிசன். ஜூனில் பண்ணைப்புரத்தில் ராசையா, பின்னாளின் இளையராஜா. டிசம்பர் 18-ல் லண்டனை ஒட்டிய டார்ட்ஃபோர்டில் கீத் ரிச்சர்ட்ஸ். மூவருமே கிட்டாரைப் பிடித்து, பாட்டுக் கட்டிப் பிழைத்தவர்கள். ரிச்சர்ட்ஸ் ரோலிங் ஸ்டோன்ஸுக்குப் போனார். அவர் கதை வேறு தினுசு, இங்கே வேண்டாம். ஹாரிசன் கதைக்கும் ராசையா கதைக்கும்தான் சில விசித்திரமான குறுக்குச் சந்துகள் இருக்கின்றன.

ஹாரிசனின் அப்பாவுக்கு பஸ்ஸில் வேலை. பையனுக்கு அவர் வாங்கிக் கொடுத்த முதல் கிட்டாரின் விலை 3 பவுண்டு 10 ஷில்லிங். 1958-ல், மாடி பஸ்ஸின் மேல்தளத்தில், தன்னைவிட மூத்த ஜான் லெனன் முன்னால் ஒரு மெட்டை வாசித்துக் காட்டி ஒரு குழுவில் இடம் பிடித்தான் பையன். வயது 15 நிரம்பியும் நிரம்பாத கணக்கு. அந்தக் குழுதான் பின்னால் பீட்டில்ஸ் ஆனது.

அதே 1958-ல் நம் மலைமேல் ஒரு இடைத்தேர்தல். போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை வழியாக மூணாறு போகிற சாலையில் வருகிற தேவிகுளம் தொகுதி. முந்தைய ஆண்டு அங்கே வென்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, மறுபடி ஓட்டுப்பதிவு. கேரளத்தில் இ.எம்.எஸ். அரசுக்கு மயிரிழைப் பெரும்பான்மை. ஒரு தொகுதி என்றாலும் தலைபோகிற விஷயம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் முன்னால் பேச்சு எடுபடுமா, பாட்டு எடுபடுமா? கட்சி பாட்டை அனுப்பியது. பண்ணைப்புரத்திலிருந்து ராசையாவின் அண்ணன் பாவலர் வரதராசன், ஹார்மோனியத்தோடு மலையேறினார். மக்களுக்குத் தெரிந்த மெட்டில் அரசியல் வரிகளைப் போட்டுப் பாடுவது அவர் பாணி. ரோசம்மா மறுபடி வென்றார்.

ராசையா இந்த அண்ணன் குழுவில் சேர்ந்தது 14 வயதில். குரல் உடையாத பையன் என்பதால் பெண் குரலுக்கு அவன்தான். குரல் உடைந்ததும் கை ஹார்மோனியத்துக்குப் போனது. சுமார் பத்து வருஷம், ஊர் ஊராக, மேடை மேடையாக. மற்ற சகோதரர்களான பாஸ்கர், அமர்சிங் என்கிற கங்கை அமரன் எல்லாரும் அதில் இருந்தார்கள். நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு ராசையா மெட்டுப் போட்டதும் இந்தக் காலத்தில்தான். அதையே தன் முதல் இசையமைப்பாக அவர் கணக்கு வைத்திருக்கிறார்.

லிவர்பூல் பையன்களுக்கும் பண்ணைப்புரத்துப் பையன்களுக்கும் இதுவரை பெரிய வித்தியாசமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அங்கே ஹாம்பர்க் கிளப்பில் விடிய விடிய வாசித்துக் கை பழகினார்கள். இங்கே தோட்டத்து மைதானத்திலும் ஊர்ச் சாவடியிலும் மைக் செட் கட்டி, விடிய விடிய வாசித்துக் கை பழகினார்கள். காசு இரண்டு இடத்திலும் சொற்பம். கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத் தராது. இரண்டு தரப்பும் அதைத் தெருவில் படித்தது.

பிரிகிற இடம் 1968. ஹாரிசன் அதற்குள் ரவிசங்கரிடம் சிதார் படித்திருந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் பீட்டில்ஸ் ரிஷிகேஷுக்கு வந்தது உலகத்துக்கே செய்தி. கொஞ்ச நாளில் ஹாரிசனுக்கு ஓர் உண்மை உறைத்தது. சிறுவயதிலேயே தொடங்கிய சிதார் மாணவர்கள் பக்கத்தில் தான் ஒருநாளும் நிற்க முடியாது என்று தெரிந்து, சிதாரை வைத்துவிட்டுக் கிட்டாருக்குத் திரும்பினார். அதே ஆண்டு, மேற்கிலிருந்து கிழக்கே வந்தவர் கருவியைக் கீழே வைத்தபோது, கிழக்கே ஒருவர் மேற்கின் கருவியைத் தேடி மதராஸில் அலைந்துகொண்டிருந்தார். வீட்டிலிருந்த ரேடியோவை விற்று அம்மா சின்னத்தாய் கொடுத்த 400 ரூபாய்தான் வழிச்செலவு. இதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பாட்டுக் கேட்கிற பெட்டியை விற்றுப் பாட்டுக்காரர்களை அனுப்பிய தாய்.

மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்தார் தன்ராஜ் மாஸ்டர். பியானோ, கிட்டார், மேற்கத்திய இசைக்குறிப்பு, ஒத்திசைவு எல்லாவற்றுக்கும் அவர்தான் அந்த நாள் மதராஸில் பல்கலைக்கழகம். ராசையாவை ராஜா என்று கூப்பிட்டதும் அவர்தான். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை ராஜா தொலைவழியில் எழுதித் தங்கப்பதக்கம் வாங்கியது இந்தப் படிப்பின் விளைவு.

கிளாசிக்கல் கிட்டார் என்பதை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ராக் கிட்டாரில் பெரும்பாலும் கையில் ஒரு பிளெக்ட்ரம்; அதால் கம்பிகளை மொத்தமாக அடிக்கலாம், அல்லது ஒற்றைக் கம்பியில் மெட்டு வாசிக்கலாம். கிளாசிக்கல் கிட்டாரில் பிளெக்ட்ரம் கிடையாது. இடது காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து, நைலான் கம்பிகளை வலது கை விரல்களால் மீட்ட வேண்டும். கட்டைவிரல் கீழ்ஸ்தாயியைப் பார்த்துக்கொள்ளும். மற்ற மூன்று விரல்கள் மேலே மெட்டையும் நடுவே நிரப்பையும் பார்த்துக்கொள்ளும். ஜெர்மன் இசை மேதை பாஹின் ஒரு துண்டை இப்படி வாசித்தால், ஒரே ஆள் ஒரே கையில் மூன்று பேர் பேசுவதுபோல் இருக்கும். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடக் கூடாது. ஆனால் மூவரும் ஒரே விஷயத்தைத்தான் பேச வேண்டும்.

பாவலரின் ஹார்மோனியத்தில் மெட்டு ஒற்றைக் கோடு. பாடுகிற குரலை நிழல்போலத் தொடர்ந்து போகும். பத்து வருஷம் அந்த ஒற்றைக் கோட்டில் வாழ்ந்தவருக்கு, ஒரு கைக்குள் மூன்று குரல் இருக்க முடியும் என்று காட்டிக் கொடுத்தது கிட்டார். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஏன் மற்றவர்கள் பாட்டில் மாதிரி சும்மா தாளத்துக்குத் தலையாட்டுவதில்லை, ஏன் தனக்கென்று ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே போகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பாஹின் பாதிப்பு என்பார்கள். இருக்கலாம். அந்தப் பாதிப்பு காதுவழி மட்டும் வந்ததில்லை, கட்டைவிரல் வழியாகவும் வந்தது என்பது என் கட்சி. பின்னாளில் அவர் குழுவில் பேஸ் கிட்டாரில் சசிதரன் வாசித்தவை, தன்ராஜ் மாஸ்டர் அறையில் ஒருவர் கட்டைவிரலால் வாசித்துப் பழகியவற்றின் வாரிசுகள்.

படிப்பு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். 1970-களில் ராஜா வாடகைக்கு வாசிக்கும் கிட்டார்காரர். அந்தக் கால ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அந்த வேலையின் கடுமை புரியும். பாடகர், வயலின் வரிசை, தபேலா, கிட்டார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். நாலாவது நிமிஷத்தில் ஒருவர் சறுக்கினால் மொத்தப் பேரும் முதலிலிருந்து. காலையில் ஒருவருக்குச் சோகம், மாலையில் இன்னொருவருக்குக் காபரே. எது வந்தாலும் பார்த்த மாத்திரத்தில் வாசித்தாக வேண்டும். லண்டனிலும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது. ராஜாவைவிடச் சில மாதங்கள் இளையவரான ஜிம்மி பேஜ், 1968-ல் லெட் செப்பலினைத் தொடங்குவதற்கு முன் வருஷக்கணக்கில் அடுத்தவர் பாட்டுக்கு அநாமதேயமாகக் கிட்டார் வாசித்தவர்தான்.

ராஜா உட்கார்ந்த நாற்காலிகளில் ஒன்று சலில் சௌத்ரியுடையது. வங்காளத்தில் இடதுசாரி நாடக மன்றத்துக்காக உழவர் பாட்டுகளைக் கட்டி, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர் சலில்தா. நாட்டுப்புற மெட்டின் அடியில் மேற்கத்திய ஒத்திசைவை உறுத்தாமல் விரிப்பதில் அவருக்கு இணை அப்போது யாருமில்லை. செங்கொடி மேடையிலிருந்து வந்த ஒரு இசைக்காரரின் குழுவில், செங்கொடி மேடையிலிருந்து வந்த இன்னொருவர் கிட்டார் வாசித்திருக்கிறார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்களா? தாளில் இருந்த சுரங்கள் பேசியிருக்கும்.

இன்னொரு நாற்காலி ஜி.கே.வெங்கடேஷிடம். கன்னடத்தில் கொடிகட்டிப் பறந்த இசையமைப்பாளர். அவருக்கு உதவியாளராக ராஜா வேலை செய்த படங்கள் 200-ஐ ஒட்டி வரும். மெட்டு வெங்கடேஷுடையது, அதைக் குழுவுக்குப் பிரித்து எழுதுவது உதவியாளர் பாடு. கூலிக்குக் கிட்டார் வாசிப்பவர், அடுத்தவர் மெட்டுக்கு வாத்தியக் குறிப்பு எழுதுபவர் என்று இரட்டை வேலை. ஹாரிசன் இந்த மாதிரி ஒரு பயிற்சியை ஒருநாளும் எடுக்கவில்லை. அவருக்கு அவசியமும் வரவில்லை. 27 வயதில் பீட்டில்ஸே முடிந்து, தனி ஆல்பமும் போட்டுவிட்டார். அந்த வயதில் ராஜா இன்னும் அடுத்தவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவலர் 1973-ல் காலமானார். தம்பியின் பெயர் திரையில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

1976-ல் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி' பட வாய்ப்பைக் கொடுத்தார், பெயருக்கு முன்னால் ஓர் 'இளைய'வையும் சேர்த்துக் கொடுத்தார். அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. அடுத்த ஆண்டு அல்லிநகரத்து பாரதிராஜாவின் '16 வயதினிலே'. கங்கை அமரனும் கிட்டார் பிடித்து வாசித்தவர்தான். அந்தப் படத்தில் பாடலாசிரியரானார், பின்னால் இசையமைத்தார், 'கரகாட்டக்காரன்' எடுத்தார். கிட்டாரிலிருந்து எத்தனை பக்கம் தாவலாம் என்று கேட்டால் அவரைக் காட்டலாம்.

ராஜாவோ கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார். மேடையில் கிட்டாரோடு நின்று கூட்டத்தைக் கிறங்கடிக்கிற ஆளாக அவர் தன்னை ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. வெள்ளை வேட்டிக்கும் ஹார்மோனியத்துக்கும் போனார். படங்களில் நாம் பார்த்ததெல்லாம் அந்த ஹார்மோனியம்தான். ஆனால் குழுவுக்கு எழுதும்போது அவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. தாளும் பேனாவும் போதும். நேரே இசைக்குறிப்பு எழுதி, வாசிப்பவர் முன்னால் வைத்துவிடுவார்.

அப்படி அவர் எழுதிய கிட்டார் பகுதிகளைக் கேட்டால், எழுதியது கிட்டார்காரர் என்பது காட்டிக்கொடுத்துவிடும். 1980-ல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி', ராஜாவுக்கு 100-வது படம். பிரதாப் போத்தன் திரையில் கிட்டார் வாசித்தபடி பாடுகிற 'என் இனிய பொன் நிலாவே', எழுதியது கங்கை அமரன், குரல் ஜேசுதாஸ். நடபைரவி என்பார்கள் நம் ராகக்காரர்கள். மேற்கில் அதற்கு இயல்பான மைனர் என்று பெயர், ராக் கிட்டாரிஸ்டுகள் தூக்கத்தில்கூட வாசிக்கிற சுரவரிசை. இருவரும் ஒரே சமயத்தில் உரிமை கொண்டாடக்கூடிய பாட்டு அது. அதே ஆண்டு மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யில் 'பருவமே' பாட்டு. ஓடுகிற காலடிக்குத் தொடையைத் தட்டி எடுத்த சத்தம், அதன்மேல் கிட்டார். இரண்டையும் காலையில் ஓடும்போது கேட்டுப் பாருங்கள். மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்று கிட்டாரே சொல்லும்.

'இளைய நிலா'வுக்கு வருவோம். 1982, 'பயணங்கள் முடிவதில்லை'. மெட்டு பண்ணைப்புரம், வரிகள் வடுகபட்டி வைரமுத்து. இரண்டும் இன்றைய தேனி மாவட்டம். அந்தத் தொடக்கத்தில் கம்பிகளை மொத்தமாக அடிப்பதில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு, தொட்ட சுரம் அடங்குமுன் அடுத்ததைத் தொட்டு, எல்லாமாகச் சேர்ந்து ஒரு நிறம் உண்டாகிறது. டிரினிட்டிப் பாடத்திட்டத்தில் விரல் பழகியவருக்குத்தான் இப்படித் தோன்றும். அந்த மெட்டு அப்படியே பம்பாய்க்குப் போய், 'கலாகார்' படத்தில் இந்திப் பாட்டாகவும் ஆனது.

வாசித்தது யார்? ஆர்.சந்திரசேகர். டிரம்ஸ் புருஷோத்தமனின் சகோதரர். அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜீப்பிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஒலிக்கிற விரல்கள். கேசட் அட்டையில் நடிகர் படம் இருந்தது, இயக்குநர் பெயர் இருந்தது, விரலுக்குரியவர் பெயர் இல்லை. இன்னொரு கிட்டார்காரரான சதா மாஸ்டர் என்கிற சதானந்தத்துக்கும் இதே கதிதான். இங்கிலாந்தில் ஒரு ராக் கிட்டாரிஸ்ட் எந்தப் பாட்டில், எந்தக் கிட்டாரில், எந்த ஆம்ப்ளிஃபயரில் வாசித்தார் என்று தலையணை கனத்துக்குப் புத்தகம் போடுகிறார்கள். நம்மிடம் ஒரு சீட்டுகூட இல்லை. கூலிக்கு வாசிக்கிற நாற்காலியில் பெயரில்லாமல் உட்கார்ந்து எழுந்து வந்த ஒருவர்தான் இந்தக் குழுவின் தலைவர் என்பதால், இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

பெயர் போகட்டும், சொத்துக்கு வருவோம். 1976-ல், 'அன்னக்கிளி' வெளியான அதே ஆண்டு, நியூயார்க் நீதிமன்றம் ஹாரிசன் தன் 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டில் இன்னொரு பழைய பாட்டின் மெட்டைத் தன்னையறியாமல் எடுத்துக்கொண்டார் என்று தீர்ப்புச் சொன்னது. பாட்டுக் கட்டுகிறவன் மேற்கே வக்கீலோடுதான் வாழ வேண்டும். இங்கே அந்தப் பேச்சு 2017-ல் வெடித்தது: தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடைகளில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பி.க்கு ராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது, தமிழ்நாடே பஞ்சாயத்து பண்ணியது. சட்டம், பாட்டைக் கட்டியவர் பக்கம் பேசலாம்; பாடியவரையும் பாட்டையும் பிரித்துப் பார்க்க மனசு ஒப்பவில்லை. பாவலர் மக்கள் மெட்டை எடுத்து மக்களிடமே திருப்பிக் கொடுத்தார், யாருக்கும் நோட்டீஸ் வரவில்லை. காலமும் வேறு, காசும் வேறு என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1986-ல் 'ஹவ் டு நேம் இட்', தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை. 1993-ல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு ஒரு சிம்பொனி ஒலிப்பதிவு. 2016-ல் 1,000-வது படம் 'தாரை தப்பட்டை'. பட்டியலை இதற்குமேல் நீட்டினால் விக்கிப்பீடியாவுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

ஒன்றே ஒன்று. 2025 மார்ச் 8, லண்டனில் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. இடம் ஈவெண்டிம் அப்பல்லோ. இந்தப் பெயர் புதுசு. பழைய பெயர் ஹேமர்ஸ்மித் ஓடியன். ராக் உலகத்துக்கு அது கோயில். டேவிட் போவி 1973-ல் தன் 'ஜிக்கி' வேஷத்தை அந்த மேடையில்தான் கலைத்தார். 1964 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளிலிருந்து 1965 ஜனவரி நடு வரை பீட்டில்ஸ் அங்கே வாசித்தது. 21 வயது ஹாரிசன் கிட்டாரோடு நின்ற பலகைமேல், 60 வருஷம் கழித்து, அவர் பிறந்த ஆண்டிலேயே பிறந்த பண்ணைப்புரத்துக்காரர் 81 வயதில் போய் நின்றார். கையில் கிட்டார் இல்லை. ஹாரிசன் 2001-லேயே போய்விட்டார்.

ஜீப் பதினோராவது வளைவுக்கு மேல் ஏறும்போது காது அடைக்கும். பாட்டு எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் ஆகிவிடும். பெண்கள் முந்தானையை இழுத்துக் காதைப் பொத்திக்கொள்வார்கள். மெட்டு காதுக்கு எட்டாத அந்த இடத்திலும் டிரைவரின் கட்டைவிரல் ஸ்டீயரிங்கில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கும். கவனித்துப் பார்த்தேன். அது தாளம் இல்லை. பேஸ்.